இடுப்பளவு தண்ணீரில் ஒரு பரீட்சை

தண்ணீர் என் இடுப்பு வரை நின்றது. வாயில் பிளக் கழற்றும் சாவி. இடது கை படகின் விளிம்பில், வலது கை எஞ்சினின் மூடியில். சட்டைக்கு மேலே போட்டிருந்த அண்ணனின் பழைய சேட், காற்றுப் புகுந்து என்னைச் சுற்றி ஊதிக்கொண்டு மிதந்தது.

படகுக்குள் ஒருவர் அமர்ந்திருந்தார். எங்களைப் பரீட்சிக்கக் கொழும்பிலிருந்து வந்தவர். அவருடைய மடியில் ஒரு மட்டை, மட்டையில் ஒரு தாள், தாளில் என் பெயர்.

"ஏறுங்க தங்கச்சி," என்றார். "இனி ஓட்டிக் காட்டினா சரி. அந்த மிதவையைச் சுத்திட்டு வருவம். அஞ்சு நிமிஷ வேலை."

நான் ஏறவில்லை.

கரையில் இருபது ஆண்களும் ஒரு பெண்ணும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பெண் நஸீரா. அவள் கையால் ஏறு ஏறு என்று காட்டினாள். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எந்த வருடம் என்று கேட்காதீர்கள். சண்டை முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். வாடைக்காற்று தொடங்குவதற்குச் சில நாட்கள் இருந்தன. கடல் அசையாமல் கிடந்தது. அப்படிப்பட்ட கடலில் ஒரு படகில் ஏற எனக்குக் கால் வரவில்லை. இந்த வாரம் அதைத்தான் எழுதப் போகிறேன்.

தையலோ, கேக்கோ?

போன வாரம் எழுதியதைப் படித்த ஒருவர், "அம்மாவுக்கு இவ்வளவு கோபம் உடம்புக்குக் கூடாது" என்று ஆசிரியருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். என் உடம்பை நான் பார்த்துக்கொள்கிறேன். கோபப்படாமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்குத் தெரியாது.

சண்டைக்குப் பிறகு எங்கள் பக்கம் எல்லோரும் பயிற்சி கொடுக்க வந்தார்கள். கணவன் இல்லாத பெண்களுக்கு முன்னுரிமை என்றார்கள். எனக்குக் கணவர் இல்லை. எப்படி இல்லாமல் போனார் என்பதை இந்தத் தொடரின் தொடக்கத்தில் எழுதிவிட்டேன், இரண்டாம் தரம் எழுத மாட்டேன். பெயர் பதிய வந்த உத்தியோகத்தர் தலை நிமிராமல் கேட்டார்.

"தையலோ, கேக்கோ?"

"எஞ்சின்," என்றேன்.

இப்போது நிமிர்ந்தார். "அது மீன்பிடிக்கிற ஆக்களுக்கு. படகு எஞ்சின் திருத்துற வகுப்பு."

"ஓம். அதுதான்."

"அது ஆம்பிளையளுக்கம்மா."

"எங்க எழுதிக் கிடக்கு?"

அவர் தாளை மேலும் கீழும் பார்த்தார். எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பெண் வந்து கேட்பாள் என்று நினைத்திருந்தால்தானே எழுதுவார்கள்!

எங்கள் ஊரில் எத்தனை தையல் மெசின் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அத்தனை பேரும் தைத்தால் போடுவதற்கு ஊரில் உடம்பு போதாது. கடலும் வயலும் உள்ள ஊர் இது. கடலுக்குப் போகிறவனுக்குக் கடல் வேலை பழக்குகிறார்கள், வயலுக்குப் போகிறவனுக்கு உழவு மெசின் பழக்குகிறார்கள். அவன் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் கேக்குக்கு ஐசிங் பூசப் பழக்குகிறார்கள். அந்த ஐசிங்கை யார் தின்பது?

எஞ்சின் எனக்குப் புதிதும் இல்லை. எங்கள் கரையில் படகு வந்ததும் எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். முற்றத்தில் ஒரு பரல் நிறைய நல்ல தண்ணீர் இருக்கும். எஞ்சினை அந்தப் பரலில் மாட்டி ஓடவிட்டு உள்ளே போன உப்பைக் கழுவ வேண்டும். அது வீட்டுப் பெண்களின் வேலை. மண்ணெண்ணெய்ப் புகைக்குள் நின்றுதான் நான் வளர்ந்தேன். சத்தம் மாறினால் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ இடறும். ஏன் மாறியது என்று சொல்லத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

பரலுக்குள் கடல்

பாலையூற்றில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தூர இடத்துப் பிள்ளைகளைத் தங்க வைத்தார்கள். ஆண்களுக்கு நாலு அறை. எனக்கும் நஸீராவுக்கும் குசினிக்குப் பக்கத்தில் ஒரு அறை. எங்கள் ஊர் சாம்பல்தீவு தூரமில்லை. ஆனால் காலை ஏழு மணிக்கு வகுப்பில் நிற்க வேண்டும், பஸ்ஸை நம்ப ஏலாது.

நஸீரா கிண்ணியாக்காரி. வாப்பா மீன் வியாபாரி. திங்கள் காலையில் ஒரு முட்டித் தயிரோடு வந்து இறங்குவாள். "இதத் தின்னு புள்ள, ஒனக்கு வாயில மட்டுந்தான் பெலன் இரிக்கி," என்பாள். என்னைவிட நாலு வயது இளையவள். நாலு வயது மூத்தவள் போல நடந்துகொள்வாள்.

பயிற்சிக் கூடத்தில் வரிசையாகப் பரல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு எஞ்சின். ஆறு மாதமும் அந்தப் பரல்களுக்குள்தான் ஓடினோம். முதல் கிழமை எங்கள் எஞ்சின் கிளம்பியதும் பரல் தண்ணீர் எகிறி எங்கள் இரண்டு பேரையும் நனைத்துவிட்டது. பின்னால் நின்ற திருக்கடலூர்ப் பொடியன் ஒருவன், "அக்காமார், கவனம்! கடல் கொந்தளிக்குது," என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

நஸீரா முகத்தைத் துடைத்தாள். "உன்ட எஞ்சின் முதல்ல ஸ்டார்ட் ஆகட்டும் தம்பி. கொந்தளிப்பப் பொறகு பாப்பம்."

இப்போது இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவன் எங்களோடு கதைக்க வந்தால் மரியாதையாகக் கதைத்தான்.

பின்னேரம் கை கழுவுவது பெரிய வேலை. சவர்க்காரத்துக்குக் கிறீஸ் போகாது. தேங்காயெண்ணெயும் சீனியும் சேர்த்து உள்ளங்கையில் தேய்ப்போம். அவள் என் கையைத் தேய்ப்பாள், நான் அவள் கையைத் தேய்ப்பேன். தேய்த்துக்கொண்டே திட்டம் போடுவோம்.

திட்டம் இதுதான். துறைமுகப் பக்கம் எஞ்சின் திருத்தும் இடம் ஒன்று இருந்தது. எங்கள் வேலையைப் பார்க்க ஒரு நாள் அதன் முதலாளி வந்தார். "சேட்டிபிக்கட் எடுத்துக்கொண்டு வாங்கோ, எடுக்கிறன்," என்றார். "ஆனால் ரெண்டு பேரும் சேர்ந்து வரவேணும். இந்தப் பொடியளுக்கு நடுவில தனிய ஒரு பொம்பிளைப் பிள்ளையை வைச்சிருக்க என்னால ஏலாது. நாளைக்கு ஊர் என்னைத்தான் கேக்கும்."

அவர் சொன்னதில் எனக்குக் கோபம் வந்தது. நஸீராவுக்கு வரவில்லை. "ரெண்டு பேருந்தானே போப்போறம்," என்றாள்.

அன்றிரவு படுத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "புவனா, வேலக்கிப் போனா மொதல் நாள் நாமளே திருத்தின எஞ்சின நாமளே கடல்ல ஓட்டிப் பாப்பம். பரல்ல ஓடி ஓடி எனக்கு விசர் புடிச்சிட்டு."

எனக்கும் அதே விசர்தான். கடற்கரையில் பிறந்தவள் நான். அந்த வயது வரை ஒரு நாளும் படகில் ஏறியதில்லை.

எங்கள் வீட்டு வழக்கம்

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் ஏதோ தண்ணீருக்குப் பயந்தவள் என்று நினைப்பீர்கள்.

எங்கள் கரையில் சில குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் படகில் வீட்டுப் பெண் கால் வைப்பதில்லை. மற்ற வீட்டுப் பெண் ஏறினால் குற்றமில்லை. கோயில் திருவிழாவுக்குப் போக எத்தனையோ பெண்கள் எங்கள் படகில் போயிருக்கிறார்கள். அம்மாவும் நானும் மட்டும் பஸ்ஸில் போவோம். வீட்டுப் பெண் கரையில் நிற்பதால்தான் படகு திரும்பி வருகிறதாம். அவளும் ஏறிவிட்டால் அது யாரிடம் திரும்பி வரும்?

அழகான கதை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் எங்கள் கரையில் விடிய மூன்று மணிக்குக் காற்றில் நின்று பார்க்கட்டும்.

பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்கும்போது அதற்கென்று வைத்திருந்த படகின் அடி வெடித்துவிட்டது. படிப்பித்த சேர் வகுப்பில் வந்து நின்று, "ஆரும் ஒரு படகு ஒழுங்கு செய்ய ஏலுமோ?" என்று கேட்டார். மீன் படும் காலம். யாருடைய படகும் சும்மா இல்லை. இருபது ஆண்களும் நிலத்தைப் பார்த்தார்கள்.

நான் கையை உயர்த்தினேன்.

இருபது பேருக்கும் முடியாததை நான் முடிக்கிறேன் என்ற பெருமை. அந்தப் பெருமையில், கேட்கப் போவது என் வீட்டுப் படகை என்பதையே யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் படகைக் கேட்டிருக்கலாம். சல்லிமுனையில் யாரையாவது கேட்டிருக்கலாம். அந்த வழக்கத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஒருத்தி, தன் பரீட்சைக்குத் தானே தன் அண்ணனின் படகைக் கொண்டுவந்து நிறுத்தினாள். இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் இன்று வரை செய்யவில்லை.

அண்ணன் மறுக்கவில்லை. வலை பொத்திக்கொண்டிருந்தவர், நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்.

"கொண்டு போ. எல்லாரும் ஓடட்டும். நீ மட்டும் கால் வைக்கப்படாது."

"பரீட்சையண்ணா."

"எனக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு, பிள்ளை."

மறுபடி வலையை எடுத்தார். குசினி வாசலில் அண்ணனின் மனைவி, என் மச்சாள், நின்றுகொண்டிருந்தா. என்னையே பார்த்துக்கொண்டு நின்றா.

நான் ஓம் என்றேன். நஸீராவிடம் ஒன்றும் சொல்லவில்லை. எப்படியாவது சமாளிக்கலாம் என்று நினைத்தேன்.

மிதவை வரை

நஸீரா எனக்கு முன்னால் ஓட்டினாள். பர்தாவை இழுத்து முடிந்துகொண்டு ஒரே எட்டில் படகில் ஏறினாள். இரண்டாவது இழுவையில் எஞ்சின் கிளம்பியது. மிதவையைச் சுற்றும்போது அவள் கத்திய சத்தம் கரைக்குக் கேட்டது. பயத்தில் கத்துகிறாள் என்று பொடியன்கள் நினைத்தார்கள். அது சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது நான்.

ஒவ்வொருவருக்கும் எஞ்சினில் ஒரு பிழையை ஒளித்து வைப்பார்கள். நான் தண்ணீருக்குள் நின்றபடியே தொடங்கினேன். பக்கவாட்டில் நின்று கயிற்றை இழுத்தேன். கொழும்புக்காரர் பதறிப்போனார்.

"அங்க நின்னு இழுக்காதீங்க! கீழ விசிறி இருக்கு, காலை வெட்டிரும்!"

"கியர் போடயில்லை சேர்," என்றேன்.

கிளம்பியது. ஒரு நிமிடம் ஓடி நின்றது. மறுபடி இழுத்தேன். மறுபடி ஓடி நின்றது. விளிம்பால் எட்டி எண்ணெய்க் குழாயைப் பிடித்துப் பார்த்தேன். நடுவில் உள்ள ரப்பர் உருண்டை சப்பி ஒட்டிப்போயிருந்தது. எண்ணெய்த் தாங்கிக்குள் காற்றுப் போகவில்லை. மூடியில் உள்ள காற்றுத் திருகாணியைத் தொட்டேன். கொழும்புக்காரர் இறுக்கி வைத்திருந்தார். தளர்த்தினேன். எஞ்சின் நிற்காமல் ஓடியது.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "காலையில இருந்து யாரும் இவ்வளவு கெதியாக் கண்டுபிடிக்கல்ல," என்றார். பிறகுதான், "ஏறுங்க தங்கச்சி."

அண்ணன் அங்கே இல்லை. மச்சாள் இல்லை. ஊர்க்காரர் ஒருவரும் இல்லை. ஏறியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நஸீரா முழங்காலளவு தண்ணீருக்குள் இறங்கி வந்தாள்.

"ஏறு புள்ள! என்ன பாத்துக்கிட்டு நிக்காய்?"

"ஏலாது."

"ஏன்?"

சொன்னேன்.

எனக்கு அந்த வழக்கத்தில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், இல்லை. அன்றும் இல்லை. ஆனால் அண்ணன் அடுத்த நாள் விடிய அதே படகில் போவார். எங்கள் கடலில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. எந்த வழக்கமும் அவர்களைக் காப்பாற்றவில்லை. அப்படியும், ஒரு வேளை அவர் திரும்பாவிட்டால் நான் என்ன செய்வேன்? அந்த "ஒரு வேளை" என் காலைப் பிடித்துக்கொண்டது. தூக்கிப் பார்த்தேன். தூக்க முடியவில்லை.

கொழும்புக்காரர் கால்மணி நேரம் பொறுத்தார். நல்ல மனிதர். பிறகு தாளில் எழுதினார். பல வருடம் அவரைத் திட்டித் தீர்த்தேன். அவர் செய்தது சரிதான். படகில் ஏறாதவளுக்குப் படகு எஞ்சின் சான்றிதழ் கொடுக்க முடியாது.

வோஷிங் மெசின்

நஸீரா சித்தியடைந்தாள். நான் இல்லை. துறைமுகத்து முதலாளி சொன்ன சொல் மாறவில்லை. இரண்டு பேர் என்றால் எடுப்பார், ஒருத்தி என்றால் இல்லை. என் கால் அவளுடைய வேலையையும் சேர்த்து உதைத்துத் தள்ளிவிட்டது.

அவள் என்னோடு சண்டை பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பாலையூற்று அறையில் சாமான் கட்டும்போது ஒரே ஒரு தரம் கேட்டாள்.

"நீ ஏறீந்தா உன்ட அண்ணன் மௌத்தாப் போயீப்பாரா?"

"தெரியாது."

"தெரியாததுக்கா புள்ள?"

"ஓம்."

தலையை ஆட்டிவிட்டுச் சீலைகளை மடித்தாள்.

அடுத்த நோன்புக்குள் அவள் அரபு நாட்டுக்குப் போய்விட்டாள், வீட்டு வேலைக்கு. வழியனுப்பப் பஸ் நிலையத்துக்குப் போனேன். அழக்கூடாது என்று இருவரும் முடிவு செய்திருந்தோம். பஸ் வெளிக்கிடும்போது யன்னலால் தலையை நீட்டிச் சொன்னாள்.

"அங்கயும் எஞ்சின்தான் புள்ள. வோஷிங் மெசின்."

அவளுக்குத் தன் பகிடிக்குத் தானே முதலில் சிரிக்கும் பழக்கம் உண்டு. அன்று சிரிக்கவில்லை.

இடையில் இரண்டு தரம் வந்து போனாள். வந்தபோதெல்லாம் ஒரு கலியாணமோ ஒரு மரணமோ இருந்தது. எங்களுக்கு ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலக் கிடைக்கவில்லை.

"நானோ சொன்னனான்?"

இன்று என் முற்றத்தில் மூன்று பரல்கள் நிற்கின்றன. சாம்பல்தீவில் யாருடைய எஞ்சின் பழுதானாலும் என்னிடம்தான் வருகிறது. புல்மோட்டையில் இருந்துகூட வாடகை வான் பிடித்துக் கொண்டுவருகிறார்கள். வாசலில் பெயர்ப்பலகை இல்லை. கையில் சான்றிதழும் இல்லை. எஞ்சின் என்னிடம் கேட்பதும் இல்லை.

நான் திருத்திய எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். கரையில் நின்று பார்ப்பேன். சத்தம் தேய்ந்து தேய்ந்து போகும். எத்தனை வருடம் இப்படிப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று எனக்கே தெரியாது. தலைமயிர் நரைத்துவிட்டது.

போன மாதம் ஒரு அறிவித்தல் வந்தது. தொழிலில் அனுபவம் உள்ளவர்கள் வகுப்புக்கு வரத் தேவையில்லை, நேரே பரீட்சைக்கு வரலாம். படகு சொந்தமாகக் கொண்டுவர வேண்டும்.

இந்தத் தரமும் வேறு யாரிடமும் கேட்கவில்லை. அண்ணனிடமே போனேன். வேண்டுமென்றுதான் போனேன். அவர் மறுத்தால் சொல்வதற்கு இத்தனை வருடப் பேச்சு என்னிடம் சேர்ந்து கிடந்தது.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அறிவித்தலைச் சொன்னேன்.

"எடன். படகு சும்மா தானே கிடக்கு. எனக்கு முழங்கால் ஏலாது."

"நான் ஏறலாமோ?"

"ஏறாமல் எப்பிடி ஓட்டப் போறாய்? நீந்திக்கொண்டோ?"

"அண்டைக்கு ஏறப்படாது எண்டு சொன்னனீங்கள்."

"நானோ சொன்னனான்?" மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "எப்ப?"

அந்த முதல் பரீட்சையைச் சொன்னேன்.

"சொல்லியிருப்பன். அந்தக் காலத்தில என்னத்தைத்தான் சொல்லயில்லை. நீ அதைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனியோ?"

மச்சாளைப் பார்த்தேன். மச்சாள் சொதியை எடுத்து என் பக்கம் நகர்த்தினா. "சாப்பிட்டிட்டுப் போ, புவனா," என்றா.

சாப்பிடவில்லை. சேர்த்து வைத்திருந்த பேச்சில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. மறந்துபோன மனிதனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? என் வாழ்க்கையையும் நஸீராவின் வாழ்க்கையையும் திருப்பிப் போட்ட ஒரு சொல், சொன்னவருக்கு ஒரு நாள்கூடப் பாரமாக இருக்கவில்லை.

சிக்னல் உள்ள தண்ணீர்

அடுத்த நாள் காலை ஏறினேன். பரீட்சைக்கு முன் ஒரு தரம் ஓட்டிப் பார்க்க.

எடுத்து வைக்கும்போது கால் நடுங்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். இவ்வளவு சின்ன வேலை இது. ஒரு குழந்தை செய்யும்.

பரலுக்குள் ஓடும்போது சத்தம் திரும்பி வந்து முகத்தில் அடிக்கும். கடலில் அது போய்விடுகிறது. பிடிக்க ஒன்றும் இல்லாமல் நாலு பக்கமும் போய்விடுகிறது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடமாவது என்று எழுதுவது பொய். ஒருத்தியிடம்.

மடியில் கட்டியிருந்த போனை எடுத்தேன். அரபு நாட்டில் இன்னும் விடிந்திருக்காது. எடுத்தாள்.

"என்ன புள்ள? ஆருக்கும் என்னவுமா?" குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ஒண்டுமில்லை. நான் கடலில நிக்கிறன்."

"கரையில எண்டு செல்லு."

"கடலில. எஞ்சினைப் பிடிச்சுக்கொண்டு."

அங்கே ஒரு கதவு சாத்தும் சத்தம். பிறகு, "பொய் செல்லாத புவனா."

போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் நீட்டினேன். எவ்வளவு நேரம் நீட்டிக்கொண்டிருந்தேனோ. திரும்பக் காதில் வைத்தபோது அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் கூட்டு," என்றாள்.

கூட்டினேன்.

"இன்னும்."

கூட்டினேன். படகின் மூக்கு எழும்பியது. அவள் ஏதோ சொன்னாள், காற்றில் கேட்கவில்லை. அங்கே தூரத்தில் ஒரு பெண் குரல் அவளைக் கூப்பிட்டது.

"மாமா கூப்பிடுறா. வெச்சிராத. போன இங்கயே வெச்சிட்டுப் போறன். வெச்சிராத, செல்லிட்டன்!"

அந்த வீட்டு எசமானியைத்தான் அவள் மாமா என்பாள். போனை எங்கோ வைத்த சத்தம் கேட்டது. பிறகு ஒரு குழாய் திறந்தது. பாத்திரங்கள் கழுவும் சத்தம். ஒரு மூடி விழுந்தது. இடையிடையே காலடி அருகே வந்து நிற்கும், கேட்கும், மறுபடி போகும்.

எங்கள் கடலில் கொஞ்சம் வெளியே போனால் போன் அறுந்துவிடும். முன்னால் அவ்வளவு கடல் திறந்து கிடந்தது. நான் போகவில்லை. சிக்னல் உள்ள அந்தத் துண்டுத் தண்ணீருக்குள்ளேயே படகை வட்டமாகத் திருப்பினேன். மறுபடியும் திருப்பினேன்.

கரையில் நின்றவர்கள் எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டார்கள். இரண்டு கையையும் தூக்கி, நேரே பிடி, நேரே பிடி என்று கத்தினார்கள். ஒரு கையில் எஞ்சின், மற்றக் கையில் போன். அவர்களுக்குக் காட்ட எனக்குக் கை இருக்கவில்லை. நான் சுற்றிக்கொண்டேயிருந்தேன்.